பயிர்க் காப்புறுதி வந்தா யூரியா குறையுமா, கூடுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம். புக்கிட் மெர்தாஜாம்லேர்ந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் நீளம். பரவாயில்ல, அப்படியே படிச்சிடறேன்.

"வணக்கம் அண்ணா. நான் யூனிவர்சிட்டியில பொருளாதாரம் படிக்கிறேன். சீனாவுல விவசாயக் காப்புறுதி பரவின இடங்கள்ல தானிய விவசாயத்தோட சுற்றுச்சூழல் செயல்திறன் கூடியிருக்குன்னு வகுப்புல சொன்னாங்க. இதைத் தஞ்சாவூர்ல இருக்கிற எங்க சொந்தக்காரர், எனக்கு மாமா முறை, அவர்கிட்ட போன்ல சொன்னேன். 'இன்சூரன்ஸ் வந்ததுலேர்ந்து எவன்மா வயலை ஒழுங்காப் பாக்கறான்'னு சிரிக்கிறார். யார் சொல்றது சரி? நம்ம பினாங்கு, கெடா நெல்லுக்கு இது பொருந்துமா?"

நல்ல கேள்வி. மாமாவையும் விட்டுக் கொடுக்காம, வாத்தியாரையும் விட்டுக் கொடுக்காம பதில் சொல்ல முடியும்னு நினைக்கிறேன். ஏன்னா ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பத்திப் பேசல.

முதல்ல அந்தச் 'சுற்றுச்சூழல் செயல்திறன்' என்னன்னு பாத்துடுவோம். இதுல தெளிவில்லைன்னா மத்ததெல்லாம் குழம்பிடும். ஒரு வயலுக்குள்ள என்னென்ன போகுது? நிலம், தண்ணி, ஆள், டீசல், உரம், மருந்து. வெளிய என்ன வருது? நெல்லு வருது. கூடவே நாம கேக்காததும் வருது. தண்ணி தேங்கின சேத்துலேர்ந்து மீத்தேன், போட்ட யூரியாவுலேர்ந்து நைட்ரஸ் ஆக்சைடு, வாய்க்கால் வழியா ஓடிப் போற தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். குறைச்சலா உள்ள போட்டு, இந்தக் கெட்டதைக் குறைச்சலா வெளிய விட்டு, நெல்லை அதிகமா எடுத்தா உங்களுக்கு மார்க்கு கூட. பொதுவா பூஜ்யத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும் மார்க்கு. இந்த மாதிரி அளக்கிற யோசனையை ஃபாரெல்னு ஒருத்தர் 1957ல தொடங்கி வச்சார். சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூணு பேரும் 1978ல அதைக் கணக்குப் போடற முறையாக் கொண்டு வந்தாங்க. ஜப்பான்காரர் கவோரு டோன் 2001ல அதை இன்னும் நுணுக்கமாக்கினார். இப்ப சீனாவுலேர்ந்து வர்ற ஆய்வுகள்ல நிறைய இந்த வழியிலதான் கணக்குப் போடுறாங்க.

இந்த மார்க்குல ரெண்டு சூட்சுமம் இருக்கு, தங்கச்சி. இதைப் பரீட்சையில எழுதினீங்கன்னா வாத்தியார் சந்தோஷப்படுவார்.

ஒண்ணு, இது ஒப்பீட்டு மார்க்கு. எடுத்துக்கிட்ட மாநிலங்கள்லயே யார் நல்லா செய்யறாங்களோ அவங்களுக்கு ஒண்ணு. மத்தவங்களை அவங்களோட வச்சுப் பாத்து மார்க்கு போடறது. எல்லாருமே ஆத்தைக் கெடுத்துக்கிட்டிருந்தாலும், அதுல குறைச்சலாக் கெடுக்கிறவருக்கு முழு மார்க்கு கிடைச்சிடும்.

ரெண்டாவதுதான் முக்கியமானது. இது விகிதம். மொத்தம் கிடையாது. சும்மா ஒரு உதாரணத்துக்குச் சொல்றேன். ஒரு ஹெக்டர்ல 4 டன் நெல்லு எடுத்துக்கிட்டிருந்தவர் 100 கிலோ தழைச்சத்து போட்டார்னு வச்சுக்குங்க. காப்புறுதி வந்த தைரியத்துல 115 கிலோ போடறார், 5 டன் எடுக்கறார். டன்னுக்குக் கணக்குப் பாத்தா முன்னாடி 25 கிலோ, இப்ப 23 கிலோ. செயல்திறன் கூடிருச்சு. ஆய்வுக் கட்டுரையில நட்சத்திரக் குறி போட்டுப் பெருமையா எழுதலாம். ஆனா நிலத்துக்குள்ள 15 கிலோ கூடத்தானே போயிருக்கு? அதுல நெல்லு எடுத்துக்காம விட்டது எங்க போகும்? நெல்லுப் பயிர் நாம போடற தழைச்சத்துல பொதுவா 30, 40 சதவீதம்தான் எடுத்துக்கும். மிச்சம் காத்துலயும் தண்ணியிலயும்தான். பினாங்கு மாநிலத்துக்கு வர்ற சுத்திகரிக்காத தண்ணியில ஏறக்குறைய 80 சதவீதம் சுங்கை மூடாவுலேர்ந்து வருது. அந்த ஆத்துக்கு ரெண்டு பக்கமும் விவசாயம் நடக்குது. ஆத்துக்கு விகிதம் தெரியாது, மொத்தம்தான் தெரியும். அதனால 'செயல்திறன் கூடுச்சு'ங்கறதை 'மாசு குறைஞ்சுது'ன்னு மாத்தி எழுதிடாதீங்க. பெரிய பெரிய ஆளுங்களே இந்த இடத்துல வழுக்கிடறாங்க.

இப்ப காப்புறுதிக்கு வருவோம்.

விவசாயி ஏன் தேவைக்கு மேல ஒரு மூட்டை யூரியா போடறார்? பேராசையா? பெரும்பாலும் இல்ல. பயம். இலை கொஞ்சம் மஞ்சள் அடிச்சா மனசு கேக்காது. பக்கத்து வயல் கரும்பச்சையா நின்னா இன்னும் கேக்காது. விளைச்சல் போச்சுன்னா கடன் நிக்குது. அந்த ஒரு மூட்டைதான் அவருக்குத் தெரிஞ்ச காப்புறுதி. மருந்தும் அப்படித்தான். பூச்சி இருக்கோ இல்லையோ, நாள் கணக்கு வச்சு அடிச்சிடறது. நெல்லுல அது எதிர்மாறாவும் போயிடும். மருந்து சிலந்தியைக் கொன்னுடும், அதைத் தின்கிற சிலந்தி இல்லாததால புகையான் பூச்சி பெருகிடும். இந்தோனேசியாவுல இது பெரிய பிரச்சினையாகி, 1986ல சுஹார்த்தோ அரசாங்கம் நெல்லுக்கு அடிக்கிற 57 வகைப் பூச்சி மருந்தை ஒரே ஆணையில தடை பண்ணுச்சு. மருந்துக்குக் குடுத்த மானியத்தையும் அடுத்த சில வருஷத்துல நிறுத்திட்டாங்க. அதனால அங்க நெல்லு உற்பத்தி படுத்துடல.

அப்ப, ஒரு நல்ல காப்புறுதி வந்து அந்தப் பயத்தை எடுத்துட்டா? கூடுதல் மூட்டை தேவையில்ல, கூடுதல் மருந்து தேவையில்ல. உங்க வகுப்புல சொன்னதுக்கு அடிப்படை இதுதான்.

ஆனா பயம் போனா இன்னொண்ணும் நடக்கும். துணிச்சல் வரும். 1993ல அமெரிக்காவுல ஹொரோவிட்ஸ், லிக்டென்பெர்க்னு ரெண்டு பேர், மக்காச்சோளம் அதிகமா விளையற மத்திய மேற்குப் பகுதியைப் பாத்தாங்க. காப்புறுதி வாங்கினவங்க ஏக்கருக்கு 19 சதவீதம் கூட நைட்ரஜன் போட்டிருந்தாங்க, பூச்சிமருந்து, களைக்கொல்லிச் செலவு 21 சதவீதம் கூட. எல்லாரும் அதிர்ந்துட்டாங்க. மூணே வருஷத்துல, 1996ல, ஸ்மித், குட்வின்னு வேற ரெண்டு பேர் கான்சஸ் மாநிலத்துல மானாவாரிக் கோதுமையைப் பாத்துட்டு நேர் எதிரா சொன்னாங்க: காப்புறுதி வாங்கினவங்க ரசாயனம் கம்மியாத்தான் போடறாங்க.

யார் பொய் சொன்னா? யாருமே இல்ல. உரம், மருந்து மாதிரி ஒரு உள்ளீடு ஆபத்தைக் கூட்டுதா குறைக்குதாங்கறது பயிரையும் இடத்தையும் பொறுத்தது. மழை பொய்க்கிற இடத்துல யூரியாவுக்குப் போட்ட காசு மண்ணுல போயிடலாம். மழை வந்தா அள்ளிக் குடுக்கும். அப்ப யூரியாவே ஒரு சூதாட்டம். காப்புறுதி இருந்தா அந்தச் சூதாட்டத்துல இறங்கலாம்னு ஒருத்தருக்குத் தோணும். 'விளையலைன்னாலும் பணம் வருது, எதுக்கு வீணாச் செலவழிக்கணும்'னு இன்னொருத்தருக்குத் தோணும். பூச்சி மருந்து வேற மாதிரி. அது நஷ்டத்தைத் தடுக்கிற செலவு, காப்புறுதி நஷ்டத்தை ஈடுகட்டறது. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு குறையணும். எல்லா இடத்துக்கும் ஒரே பதில்னு யாராவது சொன்னா கொஞ்சம் தள்ளியே நில்லுங்க.

சரி, மாமாவுக்கு வருவோம். அவர் சொல்றது, காப்புறுதி இருந்தா கவனம் போயிடும்னு. இது நியாயமான சந்தேகம்தான். நம்ம காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கறோம்ல, அதுல என்சிடின்னு ஒண்ணு வச்சிருக்கான். க்ளைம் பண்ணாம அஞ்சு வருஷம் ஓட்டினா 55 சதவீதம் கழிவு. ஒரு க்ளைம் பண்ணினா அந்தக் கழிவு போச்சு. அதுக்காகவே சின்னக் கீறலை எல்லாம் நம்ம கைக்காசுல சரி பண்ணிக்கறோம். எதுக்கு அப்படி வச்சான்? நீங்க கவனமா ஓட்டணும்னு. பயிர்க் காப்புறுதியில பெரும்பாலும் அப்படி ஒரு கழிவு கிடையாது. அதனால மாமா சந்தேகப்படறதுல தப்பில்ல.

ஆனா தஞ்சாவூர்ல நடக்கிற திட்டத்துக்கு அது அவ்வளவாப் பொருந்தாது. ஏன்னு சொல்றேன். இந்தியாவுல பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016ல வந்தது. விவசாயி கட்டற பிரீமியம் தானியத்துக்குக் காரிஃப்ங்கற மழைக்காலப் பருவத்துல காப்புத் தொகையில 2 சதவீதம், ராபிங்கற குளிர்காலப் பருவத்துல 1.5 சதவீதம். மிச்சத்தை மத்திய அரசும் மாநில அரசும் கட்டும். அதுல விளைச்சல் இழப்பை ஒவ்வொருத்தர் வயலாப் போய் அளக்கறது இல்ல. கிராமம் மாதிரி ஒரு பகுதியை எடுத்துக்கிட்டு, அங்க சில வயல்ல அறுவடைப் பரிசோதனை பண்ணுவாங்க. வர்ற சராசரி விளைச்சலைப் பழைய வருஷங்களோட ஒப்பிடுவாங்க. கடந்த ஏழு வருஷத்துல நல்லா விளைஞ்ச அஞ்சு வருஷத்தோட சராசரிதான் அந்த ஒப்பீட்டுக்கு அடிப்படை. பகுதிச் சராசரி குறைஞ்சாத்தான் எல்லாருக்கும் பணம். இப்ப மாமா ஒருத்தர் மட்டும் சோம்பேறித்தனமா வயலை விட்டுட்டார்னு வைங்க. சராசரி அசையாது. அவருக்கு நெல்லும் போச்சு, பணமும் வராது. ஒருத்தர் கவனமாப் பாத்து நல்லா விளைய வச்சாலும் ஊர்ச் சராசரி விழுந்தா அவருக்கும் பணம் உண்டு. அப்ப கவனக்குறைவுக்குக் கூலி குடுக்காத அமைப்பு அது. சுற்றுச்சூழலுக்கும் இந்த முறை நல்லது. யூரியாவைக் குறைச்சுப் பாக்கலாம்னு நினைக்கிறவர் நஷ்ட ஈட்டை இழக்க மாட்டார்.

அதே அமைப்புலதான் அதோட பெரிய ஓட்டையும் இருக்கு. என் வயல்ல மட்டும் பூச்சி விழுந்து விளைச்சல் போச்சு, ஊர்ச் சராசரி நல்லா இருக்கு. எனக்கு ஒண்ணும் வராது. இல்லைன்னா பணம் வரும், அடுத்த விதைப்பு முடிஞ்சப்புறம் வரும். விவசாயி என்ன முடிவுக்கு வருவார்? இதை நம்பி ஒண்ணும் ஆகாதுன்னு. நம்பிக்கை இல்லைன்னா பயம் குறையாது, பயம் குறையலைன்னா அந்தக் கூடுதல் மூட்டை வயல்லயே இருக்கும். காகிதத்துல காப்புறுதி இருக்கு, வயல்ல இல்ல. மாமா பாக்கற அலட்சியத்துக்குக் காரணம் இன்சூரன்ஸா, ஆள் கிடைக்காததா, நெல்லு விலையான்னு அவர்கிட்டயே நிதானமாக் கேட்டுப் பாருங்க. அரை மணி நேரம் பேசுவார், எனக்குத் தெரியும். (சிரிப்பு)

இப்ப சீனா. அங்க மத்திய அரசு விவசாயக் காப்புறுதிக்குப் பிரீமியம் மானியம் குடுக்க ஆரம்பிச்சது 2007ல, ஆறு மாநிலத்துல சோதனையா. ஆரம்பத்துல விதை, உரம் மாதிரியான நேரடிச் செலவுக்கு மட்டும்தான் காப்பு. ரொம்பச் சின்னத் தொகை. 2018லதான் நிலக் குத்தகை, ஆள் கூலி எல்லாத்தையும் சேத்து முழுச் செலவுக் காப்புறுதி, அப்புறம் வருமானக் காப்புறுதின்னு நெல்லு, கோதுமை, மக்காச்சோளத்துக்கு இன்னொரு சோதனை தொடங்கினாங்க. 2021லேர்ந்து அது முக்கிய தானிய மாநிலங்களுக்கு விரிஞ்சுது.

செயல்திறன் எந்த வழியா கூடுதுன்னு அங்க ஆய்வு பண்றவங்க பொதுவா சொல்ற காரணம் எனக்குச் சரியாவே படுது. காப்புறுதி இருந்தா ஒருத்தர் துணிஞ்சு நாலு பேர் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கறார். நிலம் பெருசானா மெஷின் வாங்கலாம், மண் பரிசோதனை பண்ணலாம், உரத்தை மண்ணுக்குள்ள ஆழமா வைக்கிற கருவி வாங்கலாம். சீனாவுல சின்னச் சின்னத் துண்டு நிலத்துலதான் ஹெக்டருக்கு உரம் அதிகமாப் போகுதுன்னு பல பேர் காட்டியிருக்காங்க. அப்ப காப்புறுதி நேரடியா உரத்தைக் குறைக்கல. பண்ணையோட உருவத்தை மாத்துது, அந்த உருவம் உரத்தைக் குறைக்குது.

ஆனா இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சீனாவோட ரசாயன உர உபயோகம் 2015ல உச்சத்துல இருந்தது, சுமார் 6 கோடி டன். 2020ல 5 கோடியே 25 லட்சம் டன்னுக்கு இறங்கிருச்சு. பெரிய இறக்கம். அதே காலத்துல காப்புறுதி ஏறிக்கிட்டே போச்சு. ரெண்டு கோட்டையும் ஒரே படத்துல போட்டா, ஆகா, காப்புறுதி உரத்தைக் குறைச்சிருச்சுன்னு தோணும். ஆனா அந்த 2015லதான் சீன அரசாங்கம் 2020க்குள்ள உர, மருந்து உபயோகம் ஏறறதை நிறுத்தணும்னு திட்டம் போட்டுச்சு. உரக் கம்பெனிகளுக்குக் குடுத்த வரிச் சலுகையையும் அதே வருஷம்தான் எடுத்துச்சு. இவ்வளவும் ஒண்ணா நடக்கும்போது எவ்வளவு பங்கு காப்புறுதியோடதுன்னு பிரிக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. நல்ல ஆய்வு அதைப் பிரிக்க முயற்சி பண்ணும். உங்க வகுப்புல பாத்த ஆய்வு அதை எப்படிப் பண்ணியிருக்குன்னு போய்ப் பாருங்க. அந்தப் பக்கம் பலமா இருந்தா முடிவை நம்பலாம்.

காப்புறுதியால புது நிலம் உழவுக்கு வர்றதுன்னு ஒரு பிரச்சினை உண்டு. அமெரிக்காவுல புல்வெளியை எல்லாம் உழுதுட்டாங்கன்னு 2014 விவசாயச் சட்டத்துல ஆறு மாநிலத்துக்கு, அப்படிப் புதுசா உழுத நிலத்துக்குப் பிரீமியம் மானியத்தைக் குறைச்சாங்க. நம்ம பினாங்குக்கு இந்தக் கவலை வேண்டாம். இங்க வயல்தான் தாமானா, அதாவது குடியிருப்பா, மாறிக்கிட்டிருக்கு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். பினாங்குல நெல்லு பெரும்பாலும் செபராங் பிறையில, பெனாகா பக்கமெல்லாம். தீவுல பாலேக் பூலாவ்ல கொஞ்சம். வடக்கே போனா கெடா, பெர்லிஸ்ல மூடா நெல் பாசனத் திட்டம், மாடாங்கற வாரியம் 1970லேர்ந்து பாத்துக்குது. ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டர், வருஷத்துக்கு ரெண்டு போகம். நாம சாப்பிடற உள்ளூர் அரிசியில பெரிய பங்கு அங்கேர்ந்துதான். 2023ல கடையில 10 கிலோ 26 வெள்ளி உள்ளூர் அரிசி கிடைக்காம நாம அலைஞ்சோமே, அப்பதான் நிறையப் பேருக்கு மூடா எங்க இருக்குன்னே தெரிஞ்சுது.

நம்ம நாட்டுல ரொம்ப நாளா இருந்தது பேரிடர் நிதிதான். வெள்ளம் வந்தப்புறம் மனுப் போட்டு வாங்கற உதவி. 2017 நவம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும், தீவும் பெருநிலமும் சேர்ந்து முங்குச்சு. வந்தப்புறம் குடுக்கிற உதவி வேற, முன்னாடியே எழுதி வச்ச காப்பு வேற. உதவி வருமா, எவ்வளவு வரும், எப்ப வரும்னு தெரியாது. தெரியாத பணத்தை நம்பி யாரும் உரத்தைக் குறைக்க மாட்டாங்க. 2022லதான் நெற்பயிர்த் தக்காஃபுல், அதாவது இஸ்லாமிய முறைக் காப்புறுதித் திட்டம் வந்துச்சு. ஹெக்டருக்கு ஒரு பருவத்துக்கு அதிகபட்சம் 3,000 வெள்ளி இழப்பீடு. அரசாங்கம் அதுக்கு நிதி ஒதுக்குது. நல்ல தொடக்கம்னுதான் சொல்வேன்.

ஆனா தங்கச்சி, சீனாவுல கண்ட முடிவை இங்க அப்படியே தூக்கி வைக்க முடியாது. நான் இதை அடிச்சுச் சொல்றேன். காரணம், இங்க நெல்லுக்கு உரமே அரசாங்கம் குடுக்குது. 1979லேர்ந்து இருக்கிற திட்டம். ஹெக்டருக்குக் கலப்பு உரம் 240 கிலோ, யூரியா 80 கிலோங்கற கணக்குல பல வருஷமாக் குடுத்துக்கிட்டிருந்தாங்க. கைக்காசு போட்டு வாங்கறவர்தான் 'காப்புறுதி இருக்கே, ஒரு மூட்டையைக் குறைச்சா காசு மிச்சம்'னு யோசிப்பார். இலவசமா வந்த மூட்டையை யார் மிச்சம் பிடிப்பா? போட்டுட்டுப் போயிடுவார். மண் எப்படி இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே அளவு. அதனால இங்க காப்புறுதி உரத்துல ஏற்படுத்தற மாற்றம் ரொம்பச் சின்னதாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். உர மானியத்தைத் தொடாம காப்புறுதியை மட்டும் வச்சு ஆறு சுத்தமாகும்னு யாராவது சொன்னா, எனக்கு அது நம்பற மாதிரி இல்ல.

இன்னொண்ணு. வயலுக்குச் சொந்தக்காரர் ஒருத்தர், குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர் ஒருத்தர், டுரோன்ல மருந்து அடிச்சுக் குடுக்கிற காண்டிராக்டர் ஒருத்தர். காப்புறுதிப் பணம் முதலாமவர் பேர்ல வந்து, மருந்தை மூணாமவர் முடிவு பண்ணினா, பயம் குறைஞ்சு என்ன ஆகப் போகுது? யார் கையில முடிவு இருக்கோ அவர் பேர்லதான் காப்பும் இருக்கணும்.

அப்ப இங்க காப்புறுதியால சுற்றுச்சூழலுக்குப் பிரயோஜனமே இல்லையா? இருக்கு. என் கணிப்புல அது உரத்துல இல்ல, தண்ணியில இருக்கு.

ஊர்ல நம்ம தாத்தாமாருங்க சொல்வாங்கல்ல, காய்ச்சலும் பாய்ச்சலுமாத் தண்ணி வைக்கணும்னு. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதை அளந்து, கருவியோட குடுத்திருக்கு. ஓட்டை போட்ட ஒரு குழாயை வயல்ல பதிச்சு வைக்கணும். குழாய்க்குள்ள தண்ணி மண் மட்டத்துக்குக் கீழ 15 சென்டிமீட்டர் இறங்கினதும் மறுபடி பாய்ச்சணும். பூக்கிற நேரத்துல மட்டும் காய விடக்கூடாது. இதுல தண்ணி 30 சதவீதம் வரைக்கும் மிச்சமாகும். மீத்தேன் ஏறக்குறைய பாதியாக் குறையும், ஏன்னா காத்துப் படற சேத்துல மீத்தேனை உண்டாக்கற கிருமிக்கு வேலை இல்ல. நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும். பூமியைச் சூடாக்கறதுல அது ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ கரியமில வாயுவை விட 270 மடங்கு மோசம், அதனால யூரியாவை அள்ளிக் கொட்டிட்டுக் காயப் போட்டா கெட்டுப் போயிடும். இருந்தாலும் மொத்தத்துல லாபம்தான்.

ஏன் எல்லாரும் செய்யல? அங்கயும் அதே பயம்தான். தண்ணியை இறக்கி விட்டு, மறுபடி வேணும்கிற நேரத்துல வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா? காஞ்ச நேரத்துல களை கிளம்பிட்டா? பாடி ஆங்கின்னு மலாய்க்காரங்க சொல்ற களைநெல் ஏற்கனவே தலைவலி. நிறையத் தண்ணி நின்னாத்தான் நிம்மதி. இந்த இடத்துலதான் காப்புறுதி நேரா வேலை செய்யும்: 'குழாய் வச்சு, சொன்னபடி காயப் போடு. அதனால விளைச்சல் குறைஞ்சா அந்த நஷ்டத்தை நாங்க ஏத்துக்கறோம்'னு ஒரு காப்பு. இதுல கூடுதல் யூரியாவுக்கு இடமே இல்ல, ஏன்னா காப்பு குடுக்கறதே ஒரு செயலுக்கு. ஒரு சிக்கல், நம்ம பக்கம் தண்ணி தனித்தனி வயலுக்கு வர்றதில்ல, ஒரு பிளாக் முழுசுக்கும் சேந்து வரும், ஒரு வயல்லேர்ந்து அடுத்த வயலுக்கு வரப்பு தாண்டி ஓடும். ஒருத்தர் மட்டும் காயப் போட முடியாது. அப்ப காப்பையும் பிளாக்குக்குத்தான் குடுக்கணும், ஆளுக்கு இல்ல. கஷ்டம்தான், முடியாதது இல்ல.

இப்படிச் செயலோட கட்டறது புதுசு இல்ல. அமெரிக்காவுல 2014லேர்ந்து, மண் அரிப்பு அதிகமா இருக்கிற நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் பாதுகாக்கலைன்னா பிரீமியம் மானியம் கிடையாதுன்னு வச்சாங்க. ஐயோவா மாநிலத்துல 2017லேர்ந்து, பருவத்துக்கு நடுவுல மண்ணை மூடற பயிர் போட்டவருக்குப் பிரீமியத்துல ஏக்கருக்கு 5 டாலர் கழிவு. எனக்கு ரெண்டாவது வழிதான் பிடிச்சிருக்கு. இங்க வைக்கோல் எரிக்கறதை எடுத்துக்குங்க. திறந்தவெளியில எரிக்கறது சட்டப்படி குத்தம், இருந்தும் அறுப்பு முடிஞ்சா புகை வருது. எரிச்சவருக்குத் தக்காஃபுல் இல்லைன்னு சொன்னா, வெள்ளத்துல பயிரை இழந்த ஏழைக் குத்தகைக்காரர்தான் மாட்டுவார். எரிக்காம மடக்கி உழுதவருக்கு இழப்பீட்டு உச்சவரம்பைக் கொஞ்சம் ஏத்திக் குடுங்க, அவரே நெருப்புப் பெட்டியைத் தொட மாட்டார்.

உங்க அசைன்மெண்டுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. 'காப்புறுதி சுற்றுச்சூழலுக்கு நல்லதா கெட்டதா'ன்னு தலைப்பு வைக்காதீங்க. பணம் எதைப் பாத்து வருது, தனி வயலையா ஊர்ச் சராசரியையா, உரம் யார் காசு, முடிவு யார் கையில, பார்க்கறது விகிதமா மொத்தமா, இதை வச்சு தஞ்சாவூரையும் மூடாவையும் பக்கத்துல வச்சு எழுதுங்க. மாமாகிட்ட அவர் வயலுக்குப் போன பருவத்துல எத்தனை மூட்டை யூரியா போட்டார், நஷ்ட ஈடு எந்த மாசம் கைக்கு வந்துச்சுன்னு கேட்டு எழுதிக்குங்க. ரெண்டாவது பதில்லேர்ந்துதான் முதல் பதில் ஏன் அப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.

அடுத்த கேள்வி பட்டர்வொர்த்லேர்ந்து ஒரு ஐயா கேட்டிருக்கார், வீட்டுத் தோட்டத்துக்கு மண்புழு உரம் பத்தி. அதுக்கு வருவோம்.